மேகம் குடித்த கடல்: ஆவியாதலும் கொதித்தலும் நம் எழுத்தில்

தமிழ்ச் சங்க மலர்களில் வெளிவரும் அறிவியல் கட்டுரைகளை நான் பல ஆண்டுகளாகத் தவறாமல் படித்து வருகிறேன். அவற்றில் பலவற்றுக்கும் ஒரே மாதிரியான முடிவு உண்டு. எடுத்துக்கொண்ட பொருள் அணுவாக இருந்தாலும் சரி, விண்வெளியாக இருந்தாலும் சரி, கடைசிப் பத்தியில் "இதை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்" என்ற வாக்கியம் வந்து நிற்கும். நீர் ஆவியாவதைப் பற்றிய கட்டுரை என்றால் சான்றுகளும் தயாராக இருக்கும். முல்லைப்பாட்டு, பட்டினப்பாலை, திருக்குறளின் வான்சிறப்பு, திருப்பாவை, கம்பராமாயணத்தின் ஆற்றுப்படலம் என்று அடுக்கிவிட்டு, மேலைநாட்டார் பின்னாளில் கண்டதை நாம் முன்னாளிலேயே பாடிவிட்டோம் என்று முடித்துவிடலாம்.

அந்தப் பாட்டுகள் மீது எனக்குள்ள மதிப்பு யாருக்கும் குறைந்ததல்ல. ஆனால் அவற்றை இப்படிச் சாட்சிக் கூண்டில் ஏற்றும்போது பாட்டுக்கும் நியாயம் கிடைப்பதில்லை, அறிவியலுக்கும் நியாயம் கிடைப்பதில்லை என்பது என் கருத்து. எலெக்ட்ரானிக் சிட்டியில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுச் சண்டை அல்ல. நம் பிள்ளைகள் பள்ளியில் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், பேச்சுக்குக் கன்னடமும் இந்தியும் கலந்து வைத்திருக்கிறார்கள். தமிழ் அவர்களுக்கு வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலும்தான் கிடைக்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்தில் நாம் சொல்வது சோதித்துப் பார்த்தால் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சொன்ன செய்தியோடு சேர்த்து மொழியையும் அவர்கள் தள்ளி வைத்துவிடுவார்கள்.

பாட்டுகள் சொல்வது என்ன?

முதலில் பாட்டுகளை அருகில் வைத்துப் பார்ப்போம். முல்லைப்பாட்டில் நப்பூதனார் காட்டும் மேகம் குளிர்ந்த கடலைப் பருகிவிட்டு எழுகிறது. அது நிமிர்ந்து எழும் தோற்றம் உலகளந்த திருமாலை நினைவூட்டுகிறது. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், புகார்த் துறைமுகத்தில் பொருள்கள் இறங்குவதையும் ஏறுவதையும் சொல்ல வருகிறார். மேகம் முகந்த நீர் மலையில் பொழிவதும், மலையில் பொழிந்த நீர் கடலில் சென்று பரவுவதும் அதற்கு அவர் தரும் உவமை. வான்சிறப்பின் ஏழாவது குறளில் வள்ளுவர், மேகம் கடலைக் குறைத்துவிட்டுத் திரும்பப் பெய்யாமல் போனால் அந்தப் பெருங்கடலும் தன் இயல்பில் குன்றிவிடும் என்கிறார். திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் ஆண்டாள் மழைத் தெய்வத்தைக் கடலுக்குள்ளேயே புகுந்து முகந்துகொண்டு மேலேறச் சொல்கிறாள். கம்பனின் மேகம் வெள்ளையாகப் போய்க் கடலை மேய்ந்துவிட்டுக் கறுத்துத் திரும்புகிறது.

இந்த ஐந்து இடங்களிலும் வினைச்சொற்களை மட்டும் தனியே எடுத்து வைத்துப் பாருங்கள். பருகுதல், முகத்தல், குறைத்தல், மேய்தல். எல்லாவற்றிலும் வேலை செய்வது மேகம்தான். கடல் சும்மா கிடக்கிறது. நீரை எழுப்புகிற வெயிலுக்கு அங்கே வேலை இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பருகுவதும் முகப்பதும் நீரை நீராகவே எடுக்கிற செயல்கள். குடத்தால் முகந்தாலும் மேகத்தால் முகந்தாலும் நீர் நீர்தான். அது வேறொரு நிலைக்கு மாறிப் போகிறது, கண்ணுக்குத் தெரியாத வளியாகி மேலே போகிறது என்ற செய்தி இந்தச் சொற்களில் இல்லை. நீர் ஆவியாதல் என்று அறிவியல் சொல்வது சரியாக அந்த நிலைமாற்றத்தைத்தான்.

எங்கள் குடியிருப்பின் தமிழ் வகுப்பில் திருப்பாவைப் பாசுரத்தின் பொருளைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அங்கிள், மேகம் கடல் தண்ணிய குடிச்சுதுன்னா, மழை ஏன் உப்புக் கரிக்கல?" இந்த விஷயத்தில் இதைவிடக் கூர்மையான திறனாய்வுக் கேள்வி ஒன்றை நான் எந்த மலரிலும் படித்ததில்லை. நீரை நீராகவே எடுத்தால் உப்பும் கூடவே போயாக வேண்டும். உப்பு பின்தங்குகிறது என்றால் நீர் வேறு ஏதோ ஒன்றாகிப் போயிருக்க வேண்டும். "அன்றே அறிந்திருந்தனர்" என்ற வாக்கியத்திடம் இதற்கு விடை இல்லை.

நெய்தலில் பாதி, பாலையில் பாதி

அப்படியானால் நம் பாட்டுகளில் அறிவியலே இல்லை என்று சொல்லிவிடலாமா? அதுவும் அவசரத் தீர்ப்பாகிவிடும். பட்டினப்பாலையையே மறுபடி பாருங்கள். தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்குவது உவமையின் வேலை. துறைமுகத்தைப் பார்க்காதவனுக்குத் துறைமுகத்தைக் காட்ட, கடலிலிருந்து மேகம், மேகத்திலிருந்து மலை, மலையிலிருந்து கடல் என்ற சுழற்சியைப் புலவர் எடுத்தாள்கிறார். கேட்பவர்களுக்கு அந்தச் சுழற்சி அவ்வளவு பழக்கமான செய்தியாக இருந்திருக்கிறது என்றுதானே பொருள்? நீரின் சுழற்சி அக்காலத்துப் பொது அறிவு என்பதற்கு இந்த உவமை நல்ல சான்று. கட்டுரை எழுதுபவர்கள் இதைச் சொல்லிப் பெருமைப்படலாம். அதில் மிகை இல்லை.

இதன் மற்ற பகுதிகளும் நம் இலக்கியத்தில் இருக்கின்றன. ஆனால் வேறு வேறு திணைகளில் இருக்கின்றன. நெய்தல் நிலத்து மக்கள் கடல்நீரைப் பாத்தியில் தேக்கி உப்பு எடுத்தார்கள். நற்றிணையின் நெய்தல் பாட்டு ஒன்று அவர்களை ஏர் பூட்டாத உழவர்களாகக் காண்கிறது. நீர் போய்விடும், உப்பு தங்கிவிடும் என்பது அவர்கள் தொழிலின் அடிப்படை. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் வேனிலும் வெயிலோனும் சேர்ந்து வாட்டும்போது முல்லையும் குறிஞ்சியும் வளம் இழந்து பாலையாகின்றன. ஈரத்தைக் கொண்டுபோவது வெயில் என்பது அங்கே தெளிவாக இருக்கிறது.

ஆக, உப்பு தங்கும் என்பது உப்பளத்தில் தெரியும். வெயில் நீரை வற்றடிக்கும் என்பது பாலையில் தெரியும். மேகத்துக்குக் கடல்தான் மூலம் என்பது கார்காலப் பாட்டில் தெரியும். மூன்றையும் ஒரே நூலில் கோத்தால் முழுக் கதையும் வந்துவிடும். நான் மேலே சொன்ன பாட்டுகளில் அந்தக் கோவை நடக்கவில்லை. ஏன் என்பதும் புரிந்துகொள்ளக் கூடியதே. மூன்றையும் இணைக்கும் கண்ணி கண்ணுக்குத் தெரியாது. கவிஞன் கண்ணால் கண்டதைப் பாடினான். கண்டதைப் பிசகில்லாமல் பாடினான். காணாத ஒன்றைப் பிடிக்கக் கண் மட்டும் போதாது, தராசு வேண்டும்.

ஹாலியின் தட்டு

அந்தத் தராசைப் பயன்படுத்தியவர்களில் ஒருவர் எட்மண்ட் ஹாலி. வால்நட்சத்திரத்தால் நமக்குத் தெரிந்த அதே ஹாலிதான். 1687-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அவர் ஒரு சோதனையை வெளியிட்டார். கடல் அளவுக்கு உப்பிட்ட நீரை ஒரு தட்டில் எடுத்து, கோடைக் காற்றின் சூடு வரும் அளவுக்கு மட்டும் கரியில் சூடேற்றி, தராசில் தொங்கவிட்டார். இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ அரை அவுன்சு எடை குறைந்துவிட்டது. தட்டிலிருந்து ஆவி எழுவது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியவும் இல்லை, தொட்டால் நீர் சுடவும் இல்லை. ஆனாலும் நீர் போய்க்கொண்டே இருந்தது என்று தராசு காட்டிக் கொடுத்துவிட்டது.

அந்த அரை அவுன்சைக் கொண்டு மத்தியதரைக் கடல் ஒரு கோடை நாளில் 528 கோடி டன் நீரை இழக்கிறது என்று கணக்கிட்டார். பெரிய ஆறுகள் அதில் கொண்டு சேர்ப்பது அதில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல் என்றும் கணக்குப் போட்டார். அவர் எண்கள் தோராயமானவைதான். ஆனால் இந்த வரவு செலவுக் கணக்கைப் படிக்கும்போது எனக்கு வான்சிறப்புக் குறள்தான் நினைவுக்கு வந்தது. கடலிலிருந்து போவது திரும்பி வராவிட்டால் கடலும் குறையும் என்று வள்ளுவர் ஒரு கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்தார். ஹாலி அதில் எண்களை எழுதினார். இருவரையும் இப்படி அடுத்தடுத்து வைத்துப் படிப்பது இருவருக்குமே மரியாதை. ஒருவர் மற்றவரை முந்திவிட்டார் என்று ஓட்டப்பந்தயம் நடத்தினால் இருவரையும் படித்ததாகாது.

கம்பனுக்கும் இதே அநியாயம் நடக்கிறது. போகும்போது மேகம் திருநீறு பூசிய சிவன் நிறம், திரும்பும்போது திருமால் நிறம். ஒரே மேகத்தில் இரண்டு தெய்வங்களையும் வைத்துக் காட்டிய அழகை விட்டுவிட்டு, "நீர்ச் சுழற்சி பற்றிய கம்பரின் அறிவு" என்று தலைப்புப் போட்டால் கைக்குக் கிடைத்த கரும்பைச் சக்கையாக்கித் தின்பது போலத்தான்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் 97 டிகிரி

ஆவியாதல் எல்லா வெப்பநிலையிலும் நடக்கும். நீரின் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் இருப்பதில்லை. மேற்பரப்பில் இருப்பவற்றில் வேகம் மிகுந்தவை மட்டும் பிடியை விட்டுத் தப்பிவிடுகின்றன. வேகமானவை போய்விட்டதால் மிஞ்சியவற்றின் சராசரி வேகம் குறைகிறது, அதாவது நீர் குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும், வியர்வையில் காற்றுப் பட்டால் சுகமாக இருப்பதும் இதனால்தான். நம் பெரிய அலுவலகக் கட்டடங்கள் பலவற்றின் மொட்டைமாடியில் இருக்கும் குளிர்விப்புக் கோபுரங்களும் இதே பானைத் தத்துவம்தான். நீரின் நூற்றில் ஒரு பங்கு ஆவியானால் மீதி நீர் ஏறத்தாழ 6 டிகிரி குளிர்ந்துவிடும்.

கொதித்தல் வேறு. அடியிலிருந்து மேல்வரை நீருக்குள்ளேயே ஆவிக் குமிழ்கள் உண்டாகி எழுவதுதான் கொதி. குமிழுக்குள் இருக்கும் ஆவியின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமானால்தான் குமிழ் நசுங்காமல் நிற்கும். காற்றழுத்தம் குறைந்த இடத்தில் அந்தச் சமநிலை சீக்கிரமே வந்துவிடும். நாம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே. இங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்குதான். அதனால் எலெக்ட்ரானிக் சிட்டியில் தண்ணீர் சுமார் 97 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. ஊட்டியில் 93 டிகிரியை ஒட்டி.

பாடப்புத்தகத்தில் 100 என்று படித்த பிள்ளை வீட்டில் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் 97 காட்டும். புத்தகமும் பொய் சொல்லவில்லை, கருவியும் பழுதில்லை. புத்தகம் கடல் மட்டத்துக்குச் சொன்னது. ஊரிலிருந்து வரும் நம் அம்மாமார்கள் வெப்பமானி இல்லாமலே இதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். "இந்த ஊர்ல பாத்திரத்துல வச்சா பருப்பு லேசுல வேகமாட்டேங்குது" என்கிறார்களே, அந்த 3 டிகிரிக் குறைவுக்கும் அதில் பங்கு உண்டு. அதற்கு மருந்து பிரஷர் குக்கர். உள்ளே அழுத்தத்தைக் கூட்டிக் கொதிநிலையை 120 டிகிரியை ஒட்டிக் கொண்டுபோய்விடுகிறது. நமக்குப் பக்கத்து ஒசூரில் டி.டி.கே. பிரஸ்டீஜ் ஆலையில் செய்து வருவது அந்தக் கருவியைத்தான்.

இன்னொரு செய்தியும் அடுப்படிக்கு உதவும். கொதி வந்த பிறகு தீயைக் கூட்டினால் திறந்த பாத்திரத்தில் சூடு கூடாது. 97-லேயே நிற்கும். பருப்பு முன்னைவிடச் சீக்கிரம் வெந்துவிடாது, தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும், கேஸும் வீணாகும்.

அடுப்படியின் வினைச்சொற்கள்

நாம் பெருமைப்பட வேண்டிய இடம் வேறொன்று இருக்கிறது. அது இலக்கியத்தில் அல்ல, அடுப்படியில். திரவம் வளியாகிப் போவதைச் சொல்ல வீட்டுத் தமிழில் எத்தனை வினைகள் என்று எண்ணிப் பாருங்கள். துணி உலர்கிறது. குளம் வற்றுகிறது. பால் சுண்டுகிறது. நெல் காய்கிறது. உலை கொதிக்கிறது. எல்லாவற்றிலும் நீர்தான் போகிறது. ஆனால் போகும் விதம் ஒவ்வொன்றிலும் வேறு. உலர்தலில் பொருளின் மேல் இருக்கும் ஈரம் தீயின் உதவி இல்லாமல் போகிறது. வற்றுதலில் நீரின் மட்டம் இறங்குவதுதான் முக்கியம். சுண்டுதலில் போன நீரைவிட மிஞ்சிய பொருளின் கெட்டித்தன்மைதான் கண்ணுக்குப் படுகிறது. முந்தாநாள் மீன்குழம்பைச் சுண்டவைத்துச் சாப்பிட்டவர்களுக்கு இந்த வேற்றுமையை விளக்க வேண்டியதில்லை.

ரசம் வைப்பதைப் பாருங்கள். "நுரை கட்டி வந்துடுச்சு, கொதிக்க விடாதே, அணைச்சுடு" என்பார்கள். கொதியும் ஆவியாதலும் ஒன்றல்ல என்ற பாடம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. ரசத்தின் மணத்தைத் தருபவை எளிதில் ஆவியாகிவிடும் பொருள்கள். வீடு முழுக்க மணக்கிறது என்றால் அவை ரசத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். கொதிக்க விட்டால் மணம் வீட்டுக்குப் போய்விடும், ரசத்தில் தங்காது.

"எண்ணெய் காஞ்சுதா பாரு" என்கிறோம். வடை போட்டதும் "எண்ணெய் கொதிக்குது" என்றும் சொல்கிறோம். முதல் வாக்கியம் நுட்பமானது. காய்தல் என்றால் சூடேறுதல்; கொதித்தல் என்று சொல்லவில்லை. இரண்டாவது வாக்கியத்தைச் சற்றுத் திருத்த வேண்டும். வடையைச் சுற்றி எழும் குமிழ் எண்ணெயின் குமிழ் அல்ல. மாவில் உள்ள நீர் ஆவியாகி வெளியே வருகிறது. குமிழ் அடங்கினால் வடை வெந்துவிட்டது என்று எடுப்பதும் அதனால்தான். கடுகு வெடிப்பதும் உள்ளே அகப்பட்ட ஈரம் ஆவியாகி ஓட்டைப் பிளப்பதே.

இந்தச் சொற்கள் நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துவிடவும் கூடாது. அடுத்த வீட்டுக் கன்னடக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். நாம் கொதி என்பதை அவர்கள் குதி என்கிறார்கள். வற்று என்பது அங்கே பத்து. காய்ச்சு என்பது காயிசு. நாம் மறந்துகொண்டு வரும் உணங்கு என்ற சொல் அவர்கள் வாயில் ஒணகு என்று தினமும் புழங்குகிறது. ஆவி அவர்களுக்கும் ஆவிதான். "உலகில் தமிழனே முதலில்" என்று மேடையில் முழங்குகிறவர்கள், ஒரே அடுப்படியில் வளர்ந்த இந்த உறவுச் சொற்களைக் கவனிப்பதில்லை. கர்நாடகத்தில் வாழும் நாம் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார்கள்?

ஆவியும் உள்ளுறையும்

ஆவி என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். உயிர், மூச்சு, வெம்மையோடு எழும் புகை போன்ற பொருள் என எல்லாவற்றையும் அது குறிக்கும். "ஆவி பறக்கும் இட்லி" என்று நாம் சொல்வது கண்ணுக்குத் தெரிகிற வெண்புகையை. உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. கெட்டில் மூக்கை உற்றுப் பாருங்கள். மூக்கின் நுனிக்கும் வெள்ளைப் புகை தொடங்கும் இடத்துக்கும் நடுவே சிறு வெற்றிடம் போல ஒன்று தெரியும். நீராவி இருப்பது அந்த இடத்தில்தான். வெள்ளையாகத் தெரிவது ஆவி குளிர்ந்து மீண்டும் நீரான துளிகள். அலுவலகக் கூரைமேல் குளிர்காலக் காலையில் எழும் வெண்மையைப் "புகை" என்று சொல்லும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும். அங்கே எதுவும் எரியவில்லை, அது நீர்த்துளி. கெட்டில் படம் போட்டு வெள்ளைப் புகையில் அம்புக்குறி இட்டு "நீராவி" என்று எழுதும் படங்கள்தான் இந்தக் குழப்பத்தை வளர்க்கின்றன. கண்ணுக்குத் தெரியாத மூச்சுக்கும் உயிருக்கும் ஆவி என்று பெயரிட்ட பழைய வழக்கு, இந்த இடத்தில் அந்தப் படங்களைவிட அறிவியலுக்கு நெருங்கி நிற்கிறது.

இன்னொரு சொல் எனக்கு மிகவும் பிடித்தது. 27 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் நீரை 97 டிகிரிக்குக் கொண்டுவர 70 கலோரி போதும். அதே ஒரு கிராமை 97-லேயே நிறுத்தி முழுதும் ஆவியாக்க ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். அதாவது கொதி வர 5 நிமிடம் ஆனால், அதே தீயில் பாத்திரம் முழுதும் வற்றக் கிட்டத்தட்ட 40 நிமிடம் ஆகும். அத்தனை வெப்பம் போயும் வெப்பமானி ஒரு கோடுகூட ஏறாது. ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் 1760-களில் இதைக் கண்டு, மறைந்திருக்கும் வெப்பம் என்று பெயரிட்டார். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதை "மறைவெப்பம்" என்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் "உள்ளுறை வெப்பம்" என்கின்றன. உள்ளுறை என்பது தொல்காப்பியத்தின் கவிதைச் சொல். வெளியே யானையையும் புலியையும் சொல்லி உள்ளே காதலைச் சொல்லும் உள்ளுறை உவமத்திலிருந்து வந்தது. மேலே ஒன்றும் தெரியாது, உள்ளே பெரும்பொருள் இருக்கும். இந்தச் சொல்லை ஆண்டவருக்கு இலக்கியமும் தெரிந்திருந்தது, இயற்பியலும் தெரிந்திருந்தது.

இலக்கியத்துக்கும் அறிவியலுக்கும் உண்மையான உறவு இங்கேதான் நடந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் முயற்சியால் 1875-ல் "கெமிஸ்தம்" வெளிவந்தது. சேலத்தில் 1916-ல் ராஜாஜி நண்பர்களோடு சேர்ந்து அறிவியல் கலைச்சொற்களுக்காகவே ஒரு கழகம் தொடங்கினார். பின்னாளில் "திண்ணை ரசாயனம்" என்று எளிய நூலும் எழுதினார். முன்னோர் அறிந்திருந்தார்களா என்ற வழக்கை நடத்துவதில் இவர்கள் காலம் போகவில்லை. இன்று அறிய வேண்டியதைச் சொல்லத் தமிழில் சொல் இருக்கிறதா என்று தேடினார்கள், இல்லாத இடத்தில் செய்து வைத்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற சொற்கள் நம் வீடுகளுக்கு வந்து சேராமல் இருப்பதுதான் வருத்தம்.

செய்யக் கூடியது

ஆகவே மலர்க் கட்டுரையாளர்களுக்கு என் வேண்டுகோள் சிறியதுதான். பாட்டை எடுத்தாளுங்கள், ஆனால் அதில் உள்ள வினைச்சொல் என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு எடுத்தாளுங்கள். சுழற்சியைச் சொல்லும் பாட்டை நிலைமாற்றத்துக்குச் சான்றாகக் காட்டாதீர்கள். "அன்றே" என்று எழுதக் கை போகும்போது, உப்புக் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களுக்கும் தமிழ் வகுப்பு நடத்துபவர்களுக்கும் ஒரு யோசனை. ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரைத்தால் ஏறத்தாழக் கடல்நீர் அளவு உப்பு வந்துவிடும். அதை அகலமான தட்டில் ஊற்றி, சமையல் தராசில் எடை பார்த்து, பால்கனியில் வைத்து மணிக்கு ஒருமுறை எடையைக் குறித்துவரச் சொல்லுங்கள். மார்ச் மாத வெயிலில் ஒரு முறையும் ஜூலைச் சாரலில் ஒரு முறையும் செய்து பார்த்தால், காற்றின் ஈரம் என்ன செய்கிறது என்று எண்களே சொல்லிவிடும். தட்டில் கடைசியில் தங்கும் வெள்ளைப் பொடியை நாக்கில் வைத்துப் பார்க்கட்டும். உப்பு ஏன் மழையில் இல்லை என்பதற்கு விடை அங்கே இருக்கிறது.

அது முடிந்த பிறகு முல்லைப்பாட்டைப் படித்துக் காட்டுங்கள். கடலைக் குடித்துவிட்டுக் கனத்து எழும் அந்த மேகத்தை அப்போது பிள்ளைகள் சாட்சியாகப் பார்க்க மாட்டார்கள், மேகமாகவே பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாமல் என்ன நடந்தது என்பது அவர்களுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரிந்ததைப் புலவர் எவ்வளவு அழகாகச் சொன்னார் என்பதும் தெரியும். இரண்டையும் தமிழில் தெரிந்துகொண்டார்கள் என்பதே நம் சங்கத்துக்குப் போதுமான பெருமை.